முதல் வரிசையில் ஒரு சிரிப்பு

"அக்கா, உன் சிரிப்பை யாரு எடுத்துட்டுப் போனா?"

மூன்று வயதில் தம்பி ஒருநாள் இப்படிக் கேட்டான். அப்போது அவன் அக்காவின் மடியில் உட்கார்ந்து, அவள் உதட்டின் இரண்டு ஓரங்களையும் விரலால் மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை எடுத்ததும் உதடு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"யாரும் எடுத்துட்டுப் போகலடா. உள்ளேதான் இருக்கு."

"அப்போ வெளியே வரச் சொல்லு!"

"சொல்லிட்டுத்தான் இருக்கேன். என் முகத்துக்குக் காது கேக்கல."

தம்பி அவள் கன்னத்தருகே வாயை வைத்து, "சிரிப்பே, வெளியே வா!" என்று கத்தினான். அக்காவுக்குக் காது வலித்ததுதான் மிச்சம்.

அவள் விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மைதான். பிறக்கும்போதே அவள் முகத்து நரம்புகள் சரியாக வளர்ந்திருக்கவில்லை. மூளை 'சிரி' என்று சொல்லும். அந்தச் சேதி முகத்துக்குப் போய்ச் சேராது. மிக அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு இப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணும் பக்கவாட்டில் நகராது; அந்தப் பக்கம் பார்க்க வேண்டுமானால் அவள் முழுத் தலையையும் வெடுக்கென்று திருப்புவாள். அதனால் வகுப்பில் அவளுக்குக் 'குருவி' என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்திருந்தது.

முகம் அசையாதே தவிர, தொண்டையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். இரண்டாம் வகுப்பில் ஒருமுறை அப்படிச் சிரித்தபோது, அவளுக்கு மூச்சு அடைக்கிறது என்று பயந்து டீச்சர் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து பள்ளியில் சிரிப்பு வந்தால் அதை விழுங்கிவிடுவாள். வீட்டில் மட்டும்தான் சத்தமாகச் சிரிப்பாள்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பள்ளி விழாவுக்காக ஒரு நாடகம் தயாராகிக்கொண்டிருந்தது. தூங்கிவழியும் தையல்காரர் ஒருவர் தன் சட்டைக் கையை வாடிக்கையாளரின் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்துவிடுவார். வாடிக்கையாளர் எழுந்து நடந்தால் தையல்காரரும் பின்னாலேயே இழுபட்டுப் போவார்.

தையல்காரராக நடித்தவன் வகுப்புக்குப் புதிதாக வந்த பையன். உருவத்தில் சிறியவன் என்பதால் வந்த அன்றே அவனுக்கு 'சுண்டெலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குருவிக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. சுண்டெலிக்கு அடிக்கடி வசனம் மறக்கும். அதனால் அடிக்கடி அவள் முகத்தைத்தான் பார்ப்பான்.

ஒத்திகையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் வரிசை முகம் மட்டும் அப்படியே இருந்தது. அவன் கண்ணை உருட்டிப் பார்த்தான். நாற்காலியிலிருந்து விழுந்து பார்த்தான். ஊசி குத்தியதுபோல் மேடை முழுக்கத் துள்ளிப் பார்த்தான். ஊஹூம்.

அவனிடம் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. மற்றவர்களுக்குக் குருவியின் முகம் அவ்வளவு பழகிப்போயிருந்தது. புதியவனிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தண்ணீர்க் குழாயடியில் அவன் ஒரு நண்பனிடம் பேசுவது குருவியின் காதில் விழுந்தது.

"நான் நடிக்கல. டீச்சர்கிட்ட சொல்லிடப் போறேன்."

"ஏண்டா? எல்லாரும் எப்படிச் சிரிக்கிறாங்க!"

"நாடகத்தைப் பார்த்தா சிரிக்கிறாங்க? என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. பழைய ஸ்கூல்லயும் இப்படித்தான். அந்த முதல் வரிசைப் பொண்ணு மட்டும்தான் பொய்யா சிரிக்கல. அவளுக்கே சிரிப்பு வரலன்னா, நான் நடிக்கிறது நல்லாவே இல்லன்னுதானே அர்த்தம்?"

குருவிக்குப் பகீரென்றது. தினமும் அவளுக்குச் சிரிப்பை விழுங்கி விழுங்கி வயிறே வலித்துக்கொண்டிருந்தது!

மாலையில் அம்மாவிடம் சொன்னாள். "நான் வந்து டீச்சர்கிட்ட பேசட்டுமா?" என்று அம்மா கேட்டார்.

"வேண்டாம்மா. சிரிப்பு என்னோடது. நானே சொல்லிக்கிறேன்."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், மேடையருகே தனியாக உட்கார்ந்திருந்த சுண்டெலியிடம் போனாள்.

"டேய், என் முகம் அசையாது. பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான். கோவம் வந்தாலும் இதே முகம், ஐஸ்கிரீம் கிடைச்சாலும் இதே முகம்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "சும்மா சொல்ற. நான் வருத்தப்படக்கூடாதுன்னு டீச்சர் அனுப்பினாங்களா?"

"அந்த இழுபடுற காட்சியை ஒரு தடவை பண்ணிக் காட்டு. முகத்தைப் பார்க்காதே. காதை மட்டும் திறந்து வை."

அவன் அரைமனத்தோடு எழுந்தான். ஒரு நாற்காலியை வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு தைத்தான். கொட்டாவி விட்டான். நாற்காலி இழுத்துக்கொண்டு போவதுபோலத் தரையில் சறுக்கினான்.

குருவி இந்த முறை விழுங்கவில்லை.

"க்ர்ர்... க்ர்ர்... ஹக்... ஹக்... ஹக்!"

அவன் பதறி எழுந்தான். "ஐயோ, அழறியா?"

"சிரிக்கிறேன்டா, மக்கு!"

"இது சிரிப்பா? பழைய மோட்டார் கிளம்புற மாதிரி இருக்கு!"

அதைக் கேட்டு மோட்டார் இன்னும் வேகமாக ஓடியது. அவனுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நாளைக்கும் இப்படிச் சிரிப்பியா?" என்று கேட்டான். "கேட்டுச்சுன்னா நான் பயப்படாம நடிப்பேன்."

குருவி வெடுக்கென்று தலையைத் திருப்பிக் காலி அரங்கைப் பார்த்தாள். நாளைக்கு அரங்கு நிறைய ஆட்கள் இருப்பார்கள்.

"பார்க்கலாம்," என்றாள்.

விழா நாளில் நாடகம் தொடங்கியது. பின்வரிசையில் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுதது. தையல்காரர் கொட்டாவி விட்டார், யாரும் சிரிக்கவில்லை. சட்டைக் கையைத் தைத்தார், அதற்கும் சிரிப்பில்லை. சுண்டெலியின் குரல் தேய்ந்தது. அவன் முதல் வரிசையைப் பார்த்தான்.

குருவிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது. விட்டால் அத்தனை தலையும் திரும்பும். விழுங்கினால் யாருக்கும் தெரியாது. மேடையில் நின்ற அவனைத் தவிர.

'கடவுளே, பார்த்துக்கோ' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

"க்ர்ர்... க்ர்ர்... ஹக்! ஹக்! ஹக்!"

தலைகள் திரும்பின. "யாருக்குப்பா விக்கல்?" என்று பின்னாலிருந்து ஒரு மாமா கேட்டார். குருவி நிறுத்தவில்லை. மேடையில் சுண்டெலி நிமிர்ந்தான். வாடிக்கையாளர் விறுவிறுவென்று நடக்க, தையல்காரர் கத்தரிக்கோலோடு வழுக்கிக்கொண்டு பின்னால் போனார். அழுதுகொண்டிருந்த குழந்தை முதலில் சிரித்தது. பிறகு மாமா சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. அதற்குப் பின் அவனுக்கு ஒரு வசனம்கூட மறக்கவில்லை.

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. தம்பி தொலைத்த ஒற்றைச் செருப்பைத் தேடி அம்மா அவனையும் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தார். பக்கவாசல் சுவரோரம் குருவி தனியாக நின்றாள். திடீரென்று மைதானத்திலிருந்து புழுதிக் காற்று எழுந்தது.

அவள் இமைகள் முழுவதும் மூடாது. சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வழியாக வந்த சுண்டெலி நின்றான். ஒரு நொடி யோசித்தான். அசையாத முகத்தில் இமையும் மூடாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் போய், அவளுக்கும் காற்றுக்கும் நடுவில் நின்றான். அவளைவிட அவன் குட்டை. அதனால் நுனிக்காலில் எம்பி, நாடகத்துக்காகப் போட்டிருந்த அப்பாவின் பெரிய சட்டையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டான். புழுதியெல்லாம் அவன் முதுகில் அடித்தது.

காற்று ஓய்ந்தது. அவள் கையை எடுப்பதற்குள் அவன் சுவர் மூலையைத் தாண்டிவிட்டான். கடவுளைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை.

'பரவாயில்லையே, இன்னிக்குக் கண்ணுல தூசியே விழல' என்று நினைத்துக்கொண்டு குருவி, செருப்போடு வெளியே வந்த தம்பியை நோக்கி ஓடினாள்.

வீட்டில் சுண்டெலியின் அம்மா அவன் தலையைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப் போனார். "நாடகத்துல நடிச்சியா, மண்ணுல புரண்டியா? காதுக்குள்ள ஒரு தோட்டமே போடலாம் போல இருக்கு! யார்கூடடா விளையாடின?"

அவன் இன்னொரு குவளைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சந்தோஷமாக விசிலடித்தான்.