பிரின்ஸுக்கு மட்டும் வரி

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அப்பா உலை வைத்தார். வேல்விழி வாசலைக் கூட்டிவிட்டுக் குளித்தாள். அப்பா அவளுக்குச் சடை பின்னினார். ஒரு சடை காதுக்கு மேலே இருந்தது. இன்னொன்று கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுருளிப்பட்டியில் பஸ் ஏறினார்கள். கம்பத்தில் இறங்கியதும் அப்பா திராட்சைக் கமிஷன் கடைக்கு வேலைக்குப் போனார். அவள் பள்ளிக்குப் போனாள்.

இடைவேளையில் பிரின்ஸைக் காணவில்லை.

பிரின்ஸ் அவளோடு ஆறாம் வகுப்பில் படிப்பவன். வகுப்பிலேயே பெரிய உடம்பு அவனுக்குத்தான். தேடிப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"இங்கன என்னடா பண்ற?"

"சும்மா."

"சும்மா இருக்கிறவன் எதுக்கு மூக்க உறிஞ்சுற?"

பிரின்ஸ் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பள்ளிக் கடையில மோர் வாங்குனேன். ஜேசுராஜ் அண்ணன் ரெண்டு ரூபா கூடக் கேட்டாரு. வரியாம்."

"மோருக்கு ஏதுடா வரி?"

"மோருக்கு இல்ல. எனக்கு."

வேல்விழிக்குப் புரியவில்லை.

"குண்டா இருக்கிறவுகளுக்கு மட்டும் வரியாம். வரிசையில நின்ன எல்லாரும் சிரிச்சாக. நான் குடுத்துட்டு வந்துட்டேன். இனிமே கடைப்பக்கம் போக மாட்டேன். கபடிக்கும் பேர் குடுக்கல. அங்கயும் வரி கேட்டா?"

வேல்விழிக்குக் காது சுட்டது. ஏனென்றால், அந்த வரியைக் கொண்டுவந்ததே அவள்தான்.

போன வாரம் மாணவர் மன்றத்தில் எழுந்து பேசினாள். கடையில் விற்கும் கலர் சோடா பாட்டில்களில் சீனி அதிகம், பிள்ளைகள் அதைத் தண்ணீர் மாதிரி குடிக்கிறார்கள், ஒவ்வொரு பாட்டிலுக்கும் கொஞ்சம் வரி வைப்போம் என்றாள். உடல் பருமனைக் குறைக்க நல்ல யோசனை என்று தலைமையாசிரியை பாராட்டினார். கடை நடத்தும் ஜேசுராஜிடமும் சொல்லி அனுப்பினார்.

வேல்விழி நேராகக் கடைக்கு நடந்தாள்.

அங்கே பால்பாண்டி ஆரஞ்சுக் கலரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அது அவனுக்கு இரண்டாவது பாட்டில். அவன் குச்சி மாதிரி இருப்பான்.

"அண்ணே, இவன்கிட்ட வரி வாங்குனீகளா?"

"இவன்கிட்ட எதுக்காத்தா? ஊதுனாப் பறந்துருவான்" என்றார் ஜேசுராஜ்.

"எனக்கு நீங்க தள்ளுபடியே தரணும்ணே" என்றான் பால்பாண்டி.

"நீ சும்மா இருலே" என்றாள் வேல்விழி. "அண்ணே, பிரின்ஸ் மோர்தான வாங்குனான்? அவன்கிட்ட மட்டும் ஏன் வாங்குனீக?"

"உடல் பருமனைக் குறைக்க வரின்னு டீச்சர் சொல்லி விட்டாக. பருமனா இருக்கிறது யாரு? நீயா, நானா?"

கேட்டுவிட்டு, தன் வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எங்கப்பா கமிஷன் கடையில திராட்சைக்கு விலை சொல்றாக. பெட்டியப் பிரிச்சுப் பழத்தப் பாத்துத்தான் சொல்லுவாக. வாங்க வந்த வியாபாரியோட தொப்பையப் பாத்தா சொல்லுவாக?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேல்விழி சிரிக்கவில்லை. பால்பாண்டியின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி ஜேசுராஜ் முன்னால் வைத்தாள்.

"இந்தா, இங்கன அச்சடிச்சிருக்கு, எம்புட்டுச் சீனின்னு. படிங்க. பிரின்ஸ் மேல எங்கயாச்சும் அச்சடிச்சிருக்கா?"

ஜேசுராஜ் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"இம்புட்டா?"

"அதுக்குத்தான் வரி. குடிக்கிறவன் ஒல்லியா இருந்தா சீனி குறைஞ்சிருமா?"

"சரித்தா. ஆனா எல்லார்கிட்டயும் கூடக் கேட்டா, கலர எவன் வாங்குவான்?"

"வாங்கக் கூடாதுன்னுதான வச்சோம்."

ஜேசுராஜ் தலையைச் சொறிந்துகொண்டே பாட்டிலைக் கீழே வைத்தார். பால்பாண்டி மெல்லத் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டான். "வரிய நாளையில இருந்து ஆரம்பிங்கண்ணே. பாதி குடிச்சதுக்கெல்லாம் கேக்கக் கூடாது."

"எடுலே காச" என்றார் ஜேசுராஜ்.

பால்பாண்டி முனகிக்கொண்டே பைக்குள் கையை விட்டான். பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு விலைப் பலகையைப் பார்த்தார்கள். ஒருத்தி கலர் வேண்டாம், மோர் போதும் என்றாள். ஜேசுராஜ் அவளிடம் வழக்கமான விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பிறகு காசு டப்பாவைத் திறந்து இரண்டு ரூபாயை எடுத்து வேல்விழியிடம் நீட்டினார்.

"இந்தாத்தா. அவன்கிட்டக் குடுத்துரு. கோவப்படாத."

வேல்விழி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கிட்டத் தராதீகண்ணே. எல்லாருக்கும் முன்னாலதான அவன்கிட்ட வாங்குனீக? தொட்டிக்குப் பின்னால உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கான். நான் போய் இங்கன கூட்டியாறேன். எல்லாரும் பாக்க, அவன் கையிலயே குடுங்க."