காதுக்குள் வந்த கட்டளை

பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூட ஹாலிலும் சங்கக் கட்டடத்திலும் நாடகம் நடத்திக் கொடுத்தவளுக்கு, ஆயிரத்து எண்ணூறு இருக்கை கொண்ட அரங்கில் மேடை நிர்வாகி வேலை கிடைத்தது. "பெரிய இடம்டி, வாயை அடக்கிக்கோ" என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

முதல் நாள், மதிய ஒத்திகை. வெளியே வெயில் கொளுத்தியது. பக்கக் கதவைத் தாண்டியதும் பகல் என்பதே இல்லை. பழைய வெல்வெட் திரையின் புழுக்க நாற்றம். அறுபது அடி உயரத்தில், காட்சித் திரைகளும் விளக்குகளும் தொங்கும் இரும்புக் கம்பிகள் இருட்டுக்குள் லேசாக முனகிக்கொண்டிருந்தன.

மேடையோர மேசையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினாள். அவள் சொன்னால்தான் விளக்கு எரியும், கம்பி இறங்கும்.

"மேடம்," என்றார் லைட்காரர், காதுக்குள் குரலைத் தாழ்த்தி. "இந்த லைன்ல நாம மூணு பேர்தான். நீங்க, நான், மேல கயிறு பாக்குற அண்ணன். நாலாவதா யாராவது பேசினா பதில் சொல்லாதீங்க."

"யாரு பேசப்போறாங்க?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க அதைக் கேட்டுட்டுத்தான் வேலையே வேணாம்னு போனாங்க."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. புது ஆளை மிரட்டிப் பார்க்கிறார்களாக்கும்.

இரண்டாம் காட்சியில் நடிகை நடு மேடையில் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தாள். அப்போது காதுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். நீண்ட, ஈரமான மூச்சு.

"ஏழாவது கம்பி. இறக்கு."

அவள் வாயைத் திறக்கவே இல்லை.

ஆனால் அது அவளுடைய குரல்.

மேலே சங்கிலி சரசரத்தது. "நிறுத்துங்க!" என்று அவள் கத்தி முடிப்பதற்குள், கம்பி நடிகையின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து ஆடி நின்றது. நடிகை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கதானே மேடம் இறக்கச் சொன்னீங்க?" காதுக்குள் கேட்டார் கயிற்றுக்கார அண்ணன்.

"நான் சொல்லலைண்ணா."

"போயிடு," என்றது அவளுடைய குரல், அவள் காதிலேயே. "இது என் மேடை."

எழுந்து ஓடிவிடலாமென்று கால் பரபரத்தது உண்மைதான். ஆனால் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்ததும் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. தான் நடத்திய மேடையில் இதுவரை ஒருவர் காலில்கூட முள் தைத்தது கிடையாது.

ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் அறைந்தாள். விறுவிறுவென்று போய் நடிகையைத் தூக்கி ஓரமாக அனுப்பினாள். பிறகு கம்பிக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"எல்லாரும் என்னைப் பாருங்க! என் காதுல ஒண்ணுமில்ல. இனி உங்க காதுல என் குரல் கேட்டா அது நான் இல்ல. எல்லாரும் ஹெட்செட்டைக் கழட்டி வைங்க. நான் கை காட்டினாதான் இங்க வேலை நடக்கணும்."

அண்ணாந்து இருட்டைப் பார்த்தாள்.

"உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இறக்கணும்னா என் தலையில இறக்கு. நான் போகமாட்டேன்."

கம்பி நடுங்கியது.

மெல்ல இறங்கியது.

உச்சந்தலையில் இரும்பின் குளிர் பட்டது.

"மேடம், நான் தொடவே இல்ல! பிரேக் போட்டிருக்கேன்!" மேலிருந்து அண்ணன் அலறினார்.

"தெரியும்ணா. அப்படியே இருங்க."

அவள் கண்ணை மூடவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, பாரம் குறைந்தது. கம்பி தானாகவே மேலேறி இருட்டில் மறைந்தது.

கைச்சைகையிலேயே கடைசிக் காட்சிவரை ஒத்திகை நடந்து முடிந்தது. எல்லோரும் தேநீருக்குக் கிளம்பியபின் அவள் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

டக்.

முன்வரிசையில் மடிந்திருந்த இருக்கை ஒன்று, யாரோ உட்கார்ந்தாற்போல் இறங்கியது.

"நல்லா சாஞ்சு உக்காரு," என்றாள் அவள். "நாளைக்கும் நான்தான் வருவேன்."

டக்.

பக்கத்து இருக்கையும் இறங்கியது. அதற்கடுத்ததும். பிறகு ஒவ்வொரு வரிசையாக, பின்னால் இருட்டு முடியும் இடம்வரை.