மலையடிவாரத்தில் ஒரு செருப்பு

கோடை உச்சமான ஜேட் மாதத்து வெயில் தார்ச்சாலையையே இளக வைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், ரஞ்சுவின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. தலைமை ஆசிரியர் ஜா சார் அதைக் கத்தியால் கிழித்துத் திறந்தார். உள்ளே என்னென்னவோ இருக்கும் என்று பிள்ளைகள் கற்பனை செய்து வைத்திருந்தார்கள். கம்பளித் தொப்பி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பெட்டி நிறையத் தொப்பிகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நூல் பந்து. காதை மூட இரண்டு பக்கமும் மடல் வேறு. எல்லாம் நெதர்லாந்து நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் கையால் பின்னியவை.

கூடவே வந்த கடிதத்தை ஜா சார் உரக்கப் படித்துப் பொருள் சொன்னார். பனிமலையின் அடிவாரத்தில் குளிரில் நடுங்கும் நண்பர்களுக்கு அன்பு வணக்கமாம். வரும் புதன்கிழமை அவர்களுடைய ஆசிரியை வில்மா நேரில் வருகிறாராம். அடுத்ததாக, வகுப்பறையில் குளிர் காய ஒரு பெரிய இரும்பு அடுப்பு வாங்கித் தரப் போகிறார்களாம்.

பிள்ளைகள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், யாரு குளிர்ல நடுங்குறா?" என்று ரஞ்சு கேட்டாள்.

"நீதான். வாயை மூடிட்டு தொப்பியைப் போட்டுப் பாரு," என்றார் ஜா சார்.

நேபாளம் என்றால் மலை என்று உலகமே நினைக்கிறது. ரஞ்சுவின் ஊரோ நேபாளத்தின் தெற்குக் கோடியில், சீதை பிறந்த மிதிலை என்று சொல்லப்படும் ஜனக்பூர் பக்கத்துச் சமவெளியில் இருந்தது. ஏறிப் பார்க்க ஒரு குன்று கூடக் கிடையாது. ஊரிலேயே உயரமான இடம் குளத்தங்கரைதான்.

இதில் வெளிநாட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. போன வருடம் அவர்கள் ரஞ்சுவின் பள்ளியைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். டவுனிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் மூன்று திரைகளை விரித்துக் காட்டி, எது வேண்டும் என்றார். ஒன்றில் தாஜ்மகால், ஒன்றில் ரோஜாத் தோட்டம், ஒன்றில் பனிமலை. முதலில் கையைத் தூக்கி "மலை" என்று கத்தியவள் ரஞ்சுவேதான். அவள் மலையைப் பார்த்ததே இல்லை. படத்திலாவது அதன் முன்னால் நிற்க ஆசை. மாமரத்துக்கும் மூங்கில் கம்புக்கும் நடுவே திரையைக் கட்டினார்கள். காற்றில் அது பறக்காமலிருக்க ஸ்டூடியோக்காரரின் தம்பி பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். அந்தப் படம்தான் கடல் தாண்டிப் போனது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரஞ்சுவின் மனம் அந்த அடுப்பிலேயே கிடந்தது. காரணம் அவளுடைய தம்பி பிட்டு. ஒன்றாம் வகுப்பு. போன வாரம்தான் தகரக் கூரை போட்ட அந்த வகுப்பறையில் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்திருந்தான். அம்மா வயல் வேலையை விட்டு ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிட்டு பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அப்பா கத்தாரில் வேலை பார்க்கிறார். அம்மா வயலுக்குப் போனால் பிட்டுவை வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? ரஞ்சுதான். அப்படியென்றால் ரஞ்சுவின் படிப்பும் அதோடு சரி.

அந்த வகுப்பறைக்கு வேண்டியது இரண்டு மின்விசிறி. தகரத்துக்குக் கீழே ஒரு மூங்கில் பாய்த் தடுப்பு. வரப் போவது இரும்பு அடுப்பு.

மறுநாள் அவள் நேராக ஜா சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள். ஜா சார் நல்ல மனிதர்தான். ஆனால் விருந்தாளி என்று வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. வீடு தேடி வருபவரிடம் 'நீங்கள் கொடுத்தது எங்களுக்கு ஆகாது' என்று சொல்வதா? மிதிலையில் பிறந்தவன் செய்கிற காரியமா அது?

"எதைக் கொடுத்தாலும் சிரிச்சிட்டு வாங்கிக்கணும். இன்னைக்கு அடுப்பு வேணாம்னா நாளைக்கு ஒண்ணுமே வராது. புதன்கிழமை எல்லாரும் தொப்பியோட வரணும். அவங்க போற வரைக்கும் யாரும் கழட்டக் கூடாது," என்றார்.

"பிட்டு மயங்கி விழுந்துடுவான் சார்."

"அரை மணி நேரம்தாம்மா. பல்லைக் கடிச்சுக்கச் சொல்லு."

ரஞ்சு தலையாட்டவில்லை. எப்படி என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்த அடுப்பு இந்த வகுப்பறைக்குள் வரக் கூடாது என்று உறுதியாக நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை வந்தது. பிள்ளைகள் எல்லாரும் தகரக் கூரைக்குக் கீழே தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூந்தொட்டிகளை அடுக்கி வைத்தது போல வகுப்பறை அழகாகத்தான் இருந்தது. தொட்டிகளுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

ஜீப்பிலிருந்து வில்மா இறங்கினார். அவரைப் பார்த்ததும் ரஞ்சுவுக்கு வாய் பிளந்துவிட்டது. முழங்கால் வரை ஏறிய மலையேற்றக் காலணி. தடித்த மேல்சட்டை. தலையில் அதே கம்பளித் தொப்பி, அதே நூல் பந்து. முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. பிள்ளைகள் ஆசையாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும்போது தான் மட்டும் எப்படிக் கழற்றுவது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் கழற்றாமல் நாம் எப்படிக் கழற்றுவது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஆக, இரண்டு பக்கமும் மரியாதைக்காக வெந்துகொண்டிருந்தது.

கூட வந்தவர் மொழிபெயர்ப்பாளர் சுஜன், காத்மாண்டுக்காரர். அவர் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டே ஒரு மூலையில் நின்றார்.

பாட்டுப் பாடினார்கள். மாலை போட்டார்கள். பிறகு வில்மா பையிலிருந்து அந்தப் புகைப்படத்தை எடுத்து, ஜன்னல் வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சுஜன் அவர் கேட்டதை மாற்றிச் சொன்னார். "மலை எங்கேன்னு கேக்குறாங்க."

ஜா சார் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு மேகமா இருக்கு. அதான் தெரியல."

சுஜன் வானத்தைப் பார்த்தார். கழுவி வைத்த தட்டு மாதிரி ஒரு பொட்டு மேகம் இல்லாமல் இருந்தது. அவர் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார்.

அப்போதுதான் ரஞ்சு பிட்டுவைப் பார்த்தாள். கண் செருகி, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தான். அவள் ஒரே தாவலில் போய் அவனுடைய தொப்பியைப் பிடுங்கினாள். தன்னுடையதையும் கழற்றி எறிந்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, அடிகுழாயை அடித்துத் தலையில் தண்ணீர் விட்டாள். கொஞ்ச நேரத்தில் பிட்டு கண்ணைத் திறந்தான்.

"அக்கா, அந்த அம்மா போயிட்டாங்களா?" என்று ஈனக்குரலில் கேட்டான்.

"இல்லடா. அவங்களும் விழுந்துடுவாங்க போல இருக்கு."

சொன்ன பிறகுதான் ரஞ்சுவுக்கு அது உறைத்தது. இந்த வெயிலில் வந்த விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீரே யாரும் கொடுக்கவில்லையே. எந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செம்பும் தண்ணீரும் வரும். பிறகுதான் பேச்சு. ஜா சார்தான் இந்த ஒரு தடவை அது வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காலணியைக் கழற்றுவது அவமானமாம். தூங்கும்போது கூடப் போட்டுக்கொண்டுதான் தூங்குவார்களாம். யாரோ அவரிடம் சொன்னார்களாம்.

பிட்டுவை மாமர நிழலில் உட்கார வைத்துவிட்டு, ரஞ்சு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் பிடித்தாள். ஒரு தாம்பாளத்தையும் ஈரத் துண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். ஜா சார் கண்ணால் தடுத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் வில்மாவின் முன்னால் தாம்பாளத்தை வைத்து, அவருடைய காலணியைக் காட்டினாள்.

"கழட்டச் சொல்லுங்க. எங்க ஊர் வழக்கம்னு சொல்லுங்க," என்றாள் சுஜனிடம்.

வில்மா ஒரு நிமிடம் திகைத்தார். அப்புறம் கயிறுகளை அவிழ்த்தார். ஒரு காலணி, இன்னொரு காலணி, அதற்குள் இரண்டு சோடி காலுறை. வெளியே வந்த பாதங்கள் வெந்த கிழங்கு போல் இருந்தன. ரஞ்சு மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள்.

வில்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு அவர் கை தானாக மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது. அவ்வளவுதான். வகுப்பறை முழுக்கத் தொப்பிகள் பறந்தன. யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் வில்மாவும் சிரித்தார்.

ரஞ்சு அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் புகைப்படத்தைக் கேட்டு வாங்கினாள். மலையின் அடிவாரத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். வில்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். திரைக்குக் கீழே ஸ்டூடியோக்காரரின் தம்பியுடைய இரண்டு நீல ரப்பர் செருப்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வருடமாக நெதர்லாந்தில் இத்தனை பேர் பார்த்த படம். எல்லாரும் மலையைப் பார்த்தார்களே தவிர, செருப்பை யாரும் பார்க்கவில்லை.

"இது துணி. நான்தான் மலை வேணும்னு கேட்டேன். தப்புன்னா என்னைத் திட்டுங்க," என்றாள் ரஞ்சு. "ஆனா அடுப்பு வேணாம். போன வாரம் என் தம்பி இங்க மயங்கி விழுந்தான். இன்னைக்கும் விழ இருந்தான். இன்னொரு தடவை விழுந்தா நாங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்தை விட்டுடணும். எங்களுக்கு வேண்டியது விசிறி."

சுஜன் ஜா சாரைப் பார்த்தார். ஜா சார் தரையைப் பார்த்தார். சுஜன் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னார். அதோடு, காத்மாண்டுவிலிருந்து வந்த தானும் பையில் ஒரு ஸ்வெட்டர் வைத்திருப்பதாகச் சேர்த்துக்கொண்டார்.

வில்மா நிறையக் கேள்வி கேட்டார். இது நிஜமாகவே நேபாளம்தானா, தங்கள் பாடப்புத்தகத்தில் நேபாளத்து மக்கள் வேறு மாதிரி இருக்கிறார்களே என்றார்.

"அந்தப் புத்தகம் எழுதினவங்க மலையை விட்டுக் கீழ இறங்கவே இல்ல போல," என்றாள் ரஞ்சு. "கத்தார்ல எங்க அப்பாகிட்டயும் மலை ஏறுவியான்னுதான் கேக்குறாங்களாம். அவருக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும்."

உங்கள் அரசாங்கத்திடம் விசிறி கேட்கவில்லையா என்றார் வில்மா. இந்த முறை ஜா சாரே பதில் சொன்னார். மூன்று தடவை எழுதிப் போட்டாயிற்றாம். சுவரில் தொங்கிய அரசாங்க நாட்காட்டியைக் காட்டி, "அவங்களும் பன்னிரண்டு மாசமும் மலையைத்தான் பார்க்குறாங்க," என்றார்.

யாரோ வறுத்த கடலைமாவைக் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொண்டுவந்தார்கள். வில்மா இரண்டு குவளை குடித்துவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது கேள்வி கேட்பது ரஞ்சுவின் முறை.

"உங்க ஊர்ல வருஷம் முழுக்கப் பனிதானே? பெரிய பெரிய மலை இருக்குமே?"

வில்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய நாட்டிலும் மலையே கிடையாதாம். எங்கே பார்த்தாலும் சமவெளியும் தண்ணீரும்தானாம். மலையைப் பார்த்திராத பிள்ளைகள் என்பதால்தான் மலைநாட்டு நண்பர்கள் வேண்டும் என்று ஆசைப்பட்டார்களாம். சொல்லிவிட்டுக் கொஞ்சம் வருத்தமாகத் தொப்பிகளைப் பார்த்தார். பாவம், விரலெல்லாம் குத்திக்கொண்டு பின்னினார்கள், அவர்களிடம் என்ன சொல்வது?

"தொப்பி வேணாம்னு யாரு சொன்னா?" என்றாள் ரஞ்சு. "குளிர்காலத்துல, மாக மாசம் இங்க வந்து பாருங்க. மூடுபனியில பக்கத்துல நிக்கிறவங்க கூடத் தெரிய மாட்டாங்க. தொப்பி அப்போ வேணும். அடுப்புதான் எப்பவும் வேணாம்."

வில்மா கிளம்பும்போது ஜா சார் ரஞ்சுவின் பக்கத்தில் வந்து நின்றார். "கால் கழுவத் தண்ணி கொடுக்க வேணாம்னு நான் தடுத்திருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார்.

தொப்பிகளை வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். மழைக்காலம் பிறக்கும் முன்பே இரண்டு விசிறிகள் வந்தன. மூங்கில் பாயை ஊர்க்காரர்களே முடைந்து தகரத்துக்குக் கீழே கட்டினார்கள். பிட்டு தினமும் விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்தான். அதற்காகவே எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூடம் போனான். அம்மா அதற்குப் பிறகு ஒரு நாளும் வயலை விட்டு ஓடி வர வேண்டியிருக்கவில்லை.

மாக மாதத்தில் ஒரு காலை, எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டு குளத்தங்கரையில் நின்றார்கள். ஸ்டூடியோக்காரர் எந்தத் திரை வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம் என்றாள் ரஞ்சு. படத்தில் முன்வரிசை மட்டும்தான் தெளிவாக விழுந்தது. பின்னால் ஒரே வெள்ளை.

நெதர்லாந்துக்கு அனுப்பும் முன் ரஞ்சு அந்தப் படத்தின் பின்பக்கம் இப்படி எழுதினாள்: 'தொப்பி கதகதப்பாக இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிவது பனிமலை இல்லை, மூடுபனி. அதற்கும் பின்னால் இருப்பது எங்கள் குளம். செருப்பைத் தேட வேண்டாம், இந்த முறை யாரும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.'