இடப்பக்கப் பின்கதவு

வண்டியில் பின்சி தனியாகத்தான் இருந்தாள். ஆனாலும் பின்னால் யாரோ பெல்ட் போடவில்லை என்று வண்டி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

டிங். டிங். டிங். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கைகளின் சின்னப் படம் ஒன்று உண்டு. அதில் இடப்பக்கப் பின் இருக்கை மட்டும் சிவப்பாக எரிந்தது. ரப்பர் தோட்டத்து வளைவில் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தாள். விற்றவன் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறை மினுங்கியது. ஒரு குடைகூட அங்கே இல்லை. அவளுடைய மருந்துப் பை முன்னால், பக்கத்து இருக்கையில் இருந்தது.

மலைமேல் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். புண் கழுவுவாள், குழாய் மாற்றுவாள், கடைசி நாட்களில் கூடவே உட்கார்ந்திருப்பாள். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை தொடங்கினால் எந்த ஜீப்காரனும் அந்தப் பக்கம் வரமாட்டான். அதனால்தான் எர்ணாகுளத்துத் தரகன் ஒருவனிடம் இந்தக் கறுப்பு எஸ்யூவியை வாங்கினாள். ஒரே ஓனர், வெயிலே படாத வண்டி என்று அவன் சத்தியம் செய்யாத குறை.

"எடீ, பழைய வண்டின்னா நாலு நோக்காடு இருக்கத்தான் செய்யும்," என்றான் அவள் கணவன் ஷாஜன். பேக்கரி வைத்திருந்தான்; எந்தக் கவலைக்காகவும் அதை ஒருநாளும் சீக்கிரம் மூடியதில்லை. "அந்த பெல்ட்ட சும்மா மாட்டி விட்டுடு, வாய மூடிக்கும். எங்கம்மாவுக்கு இப்படி ஒண்ணு கிடைக்காமப் போச்சே."

"உங்களுக்கே ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன் இச்சாயா. மாட்டத்தான் நேரமில்ல."

மறுநாள் காலியிருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது. மீன் குழம்பு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள். காலையில் பார்த்தபோது பெல்ட் கழன்று கிடந்தது. கொக்கி தளர்ந்திருக்கும் என்று மறுபடி மாட்டினாள்.

அன்று வர்க்கிச் சேட்டனின் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டுத் திரும்பியவள், பையைப் பின்னால் வைக்கலாமென்று அந்தக் கதவைத் திறந்தாள்.

பெல்ட் இருக்கையில் படிந்திருக்கவில்லை. வெறும் காற்றைச் சுற்றி முன்னால் வளைந்து, விறைத்து நின்றது. உள்ளே ஓர் உடம்பு இருந்தால் எப்படி நிற்குமோ அப்படி. தினமும் உடம்புகளைப் புரட்டிப் படுக்கவைக்கிற அவளுக்கு அளவு கண்ணிலேயே தெரிந்தது. பெரிய ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதுதான் இருக்கும்.

அவள் கைபட்டதும் பெல்ட் சட்டென்று தொய்ந்து உள்ளே சுருட்டிக்கொண்டது. விரலில் ஈரம்.

ஒர்க்‌ஷாப் சுகுணன் இருக்கையைக் கழற்றினான். கீழே விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டான். அடியில் சந்தனக் குழம்புபோல நைஸான ஆற்று வண்டல், அதில் மட்கிய மூங்கில் இலைகள்.

"வெள்ளத்துல முங்கின வண்டி சிஸ்டர். நல்லாத் தலையில கட்டிட்டானுங்க. இருக்கைக்குக் கீழ இருக்கிற சென்சார்ல தண்ணி ஏறிடுச்சு, அதான் ஆள் இருக்குன்னு கத்துது. கூரைக் கண்ணாடியிலேருந்து தண்ணி வடியற குழாயும் அடைச்சிருக்கு. ஊதி விட்டுடறேன். காயப்போட்டாச் சரியாயிடும்."

"பெல்ட் இழுத்துக்கிட்டு நிக்குதே?"

"சுருளுக்குள்ள மண்ணு. கழுவிடலாம்." அவன் அந்தக் கதவை உள்ளிருந்து தள்ளிப் பார்த்தான். திறக்கவில்லை. "சைல்டு லாக் போட்டபடியே துருப்பிடிச்சிருக்கு. வெளியேருந்துதான் திறக்க முடியும்."

கதவின் உட்புறத்தில், கைப்பிடியைச் சுற்றி, பிளாஸ்டிக் முழுக்கப் பிறாண்டல். குறுக்கும் நெடுக்குமாக. ஆழமாக.

சுகுணனும் அதைப் பார்த்தான். "நாய் வச்சிருந்திருப்பாங்க," என்றான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

தரகனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் அடிக்கவும் இல்லை. வேறு யாருக்காவது தள்ளிவிடலாம் என்றான் ஷாஜன். "யாரு தலையில? அவங்க வீட்லயும் புள்ளைங்க ஏறாதா?" என்று கேட்டாள் பின்சி.

கழுவிக் காயவைத்த வண்டி கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு வாசனை வந்தது. ஈரத் துணியின் வாடையோ, செத்த எலியின் நாற்றமோ இல்லை. புதுவெள்ளம் வரும்போது ஆற்றிலிருந்து எழும் வாசனை அது, கிழிந்த பச்சிலையும் சேறும் பிடுங்கிய வேரும் கலந்து, அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியதுபோல அத்தனை புதிதாக, மூடிய கண்ணாடிகளுக்குள்ளே, அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்லப் பரவியது. வெயில் காய்ந்த பகலில் பின்பக்கக் கார்ப்பெட் சளக்கென்றது. எல்லாக் கண்ணாடியும் தெளிவாக இருக்க, இடப்பக்கப் பின் கண்ணாடி மட்டும் உள்ளிருந்து பனிமூட்டம் பிடித்தது. அதன் கீழ் விளிம்பில் ஒரு விரலளவு இடம் துடைத்திருந்தது. வெளியே பார்க்க அவ்வளவு போதும், கண்கள் அந்த உயரத்தில் இருந்தால்.

அந்தக் கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கும். ஏற்றுவாள். இறங்கும். சுவிட்சைப் பூட்டினாள். பூட்டிய பிறகும் மோட்டார் முனகியது. யாரோ பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதுபோல.

இன்னொன்றையும் கவனித்தாள். மலையடிவாரத்தில் ஆற்றின் குறுக்கே கைப்பிடிச் சுவரில்லாத தரைப்பாலம் ஒன்று உண்டு. மறுபடி தொடங்கியிருந்த மணிச்சத்தம் அதை நெருங்கும்போது மட்டும் அடங்கும். கடந்ததும் திரும்ப வரும், முன்னைவிட வேகமாக, கெஞ்சுவதுபோல.

பேச முடியாமல் கிடப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் பின்சியின் வேலை. தண்ணீரா, திரும்பிப் படுக்கவா, ஜன்னல் திறக்கவா, யாரையாவது பார்க்கவா. இத்தனை வருடத்தில் அவள் பெரும்பாலும் தவறியதில்லை. இது கேட்பது அந்தப் பாலத்தில் இறங்கத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பயம் இருந்தது. அதைவிட அந்தப் பிறாண்டல் அவளைத் தூங்கவிடவில்லை.

"அந்த லாக்க உடைச்சு எடுத்துடு சுகுணா."

"எதுக்கு சிஸ்டர்? யாரும் உட்காரப் போறதில்லையே."

"எடுத்துடு."

அவன் எடுத்தான். அன்று மலையிலிருந்து இறங்கும்போது சாயங்காலம்கூட ஆகவில்லை. ஆனால் மழை வெளிச்சத்தைத் தின்றிருந்தது. தரைப்பாலத்தின் மேல் கணுக்கால்கூட நனையாத அளவுக்கு மெல்லிய நீர் ஓடியது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் உறுமியது. மணிச்சத்தம் நின்றது. பாலத்தின் நடுவில் அவள் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மழைக்கோட்டின் மேல் மழை கல்லாக விழுந்தது.

இடப்பக்கப் பின்கதவைத் திறந்தாள். தானாகவே மாட்டிக்கொண்டு விறைத்து நின்ற பெல்ட்டைக் கழற்றினாள்.

மகனா மகளா என்றுகூடத் தெரியாது. வாயில் வந்தது இதுதான்:

"இறங்கிக்கோ மோளே. கதவு திறந்துதான் இருக்கு."

உடை மாற்றும் நோயாளிகளுக்கு முன் செய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மழை. ஆறு. வேறொன்றும் இல்லை. பிறகு வண்டியின் ஸ்பிரிங் லேசாகக் கிரீச்சிட்டு ஏறியது. பாரம் ஒன்று இறங்கியதுபோல.

பாலத்தின் மேல் ஓடிய நீர் இரண்டு இடத்தில் விலகியது. சின்னப் பாதங்களின் அளவுக்கு. விலகிய இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவளைத் தாண்டிப் பாலத்தின் விளிம்புவரை போயின.

பின்சிக்கு அழுகை வந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். "போ மோளே. சமாதானமாப் போ."

பாதங்கள் போகவில்லை. விளிம்பில் நின்றன. யாரையோ எதிர்பார்த்து நிற்பதுபோல.

ஆற்றின் உறுமல் குறைந்தது. மழை பெய்தது, ஆனால் அதன் சத்தம் கேட்கவில்லை.

விளிம்பில் நீர் இன்னோர் இடத்தில் விலகியது. பெரிய பாதம். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் இழுத்து இழுத்து நடக்கும் வயதான பாதங்கள். அப்புறம் இன்னும் ஒரு ஜோடி. ஆற்றிலிருந்து மேலே. ஒவ்வொருவராக.

அவள் இறக்கிவிடவில்லை. அழைத்துவர அனுப்பியிருக்கிறாள்.

ஓடவேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவளை உரசிக்கொண்டு குளிர் கடந்து போனது. மறுபடி. மறுபடி. வண்டியின் ஸ்பிரிங் அழுந்தியது. பின்னால் ஒரு கொக்கி மாட்டும் சத்தம். இன்னும் அழுந்தியது. இன்னொரு கொக்கி. முன்னால் ஒன்று. ஓட்டுநர் இருக்கையில் ஒன்று.

சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. இன்ஜின் உயிர்பெற்றது.

கண்ணாடிகள் எல்லாம் வெளுத்தன. உள்ளிருந்து கைகள் துடைத்தன. நிதானமாக.

வண்டிக்குள் தண்ணீர் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை, சிவந்த, கலங்கிய ஆற்றுத் தண்ணீர். அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடி மேல்நோக்கி மிதந்தது. சேலைத் தலைப்பு ஒன்று மெதுவாக அலைந்தது. எல்லா முகங்களும் அவள் பக்கம். விருந்தாளிக்காகக் காத்திருப்பவர்களின் பொறுமையோடு.

பின்கதவு அகலத் திறந்தே இருந்தது. அந்த வாசலில் தண்ணீர் சுவர்போல நின்றது. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

பின்சியின் கையைச் சின்னக் கை ஒன்று பிடித்தது. விரல் நுனிகளில் நகம் இல்லை. மெதுவாக, அன்பாக, அது அவளை அந்தத் தண்ணீரை நோக்கி இழுக்கத் தொடங்கியது.