காலிக் குழாயில் ஈயம்!

டாக்டர் லபீப் குப்புறக் கிடந்தார்.

பின்னந்தலையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ஆற்று வண்டலை அரைக்கும் கல் உரல். அதன் விளிம்பில் நாலு நரைமுடி!

கதவைத் திறந்த ஆய்வுக்கூட உதவியாளர் நஷ்வாவுக்குக் கத்தக்கூட வரவில்லை. எப்போதுமே குரல் எழும்பாதவள். சாவி மட்டும் கையிலிருந்து விழுந்து சத்தம் போட்டது.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ரவூஃப் வந்தார். போலீஸ் அதிகாரி என்றால் அங்கே எல்லாருக்கும் 'பாஷா'தான். கையில் பாதி தின்ற தஃமிய்யா வடை சாண்ட்விச். ஜன்னலுக்கு வெளியே நைல் நதியின் ரஷீத் கிளை, ஆகாயத்தாமரைகளைச் சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாததுபோல் போய்க்கொண்டிருந்தது.

"இந்த ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"டாக்டர்கிட்ட ஒண்ணு... என்கிட்ட ஒண்ணு, பாஷா."

"அந்த உரல்ல யாரு அரைப்பா?"

"நான்தான்."

"அப்போ ரேகையும் உன்னோடதுதான். நேத்து அவரோட சண்டையா?"

"மீன் ஈரலை மறுபடி அமிலத்துல கரைக்கச் சொன்னாரு. நாலு மணி ஆச்சு, முடியாதுன்னேன். அப்புறம் கரைச்சுக் குடுத்துட்டுத்தான் போனேன்..."

"போதும்மா. ஜீப்புல ஏறு!"

வாசலில் மேடம் இனாஸ் நின்றிருந்தாள். ஆய்வுக்கூடத்தின் தலைவி. மாடியில் தனி அறை. கண்ணைச் சுற்றி அழுத்தமான மை.

"ஊமைன்னு நினைச்சேன் பாஷா, கொலைகாரி! மூஞ்சியைப் பாருங்க. இருபத்தாறு வயசாச்சு, கண்ணுக்கு மை வைக்கக்கூடத் தெரியாது. உரலை மட்டும் நல்லாத் தூக்கத் தெரிஞ்சிருக்கு!"

"நேத்து சாயங்காலம் நீங்க இங்க வந்தீங்களா மேடம்?"

"நானா? தலைவி ஆனதுலேர்ந்து இந்த ரூம்ல காலடி வெச்சதில்லை. ஒரு வருஷமாச்சு. அமில நாத்தம் எனக்கு ஆகாது."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான்.

"பாஷா..." நஷ்வாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க."

"எதுக்கு? அழறதுக்கா?"

"உலோகம் அளக்கிற மெஷினை ஓட்டறதுக்கு. பெயிண்ட் ஆலையோட சாக்கடை ஆத்துல விழற இடத்துல டாக்டர் வண்டல் அள்ளினாரு. ஆகாயத்தாமரை வேரு, பொல்த்தி மீனோட ஈரல், எல்லாம் எடுத்துட்டு வந்தாரு. இன்னிக்கு முடிவு வந்தா ஆலைக்குப் பூட்டு. அது வரக் கூடாதுன்னு நினைச்சவங்கதான் அவரைக் கொன்னிருக்கணும்."

இனாஸ் வாசலைத் தாண்டாமலே நின்று சிரித்தாள்.

"ஓட்டட்டுமே பாஷா. பாவம், கடைசி ஆசை!"

நேற்று கரைத்து வைத்த குழாய்கள் அடுக்கிய தட்டை நஷ்வா மெஷினில் வைத்தாள். மெஷின் ஒவ்வொரு குழாயாக உறிஞ்சத் தொடங்கியது.

வண்டல். ஈயம்... பூஜ்யம்!

காட்மியம்... பூஜ்யம்!

வேர். பூஜ்யம்!

நஷ்வா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஆகாயத்தாமரை வேர் ஆற்றில் இருக்கிற விஷத்தையெல்லாம் உறிஞ்சி வைக்கிற பஞ்சு. அதில்கூடவா ஒன்றுமில்லை?

மீன் ஈரல். பூஜ்யம்!

"நல்ல சேதிதான்!" இன்ஸ்பெக்டர் வயிற்றைத் தட்டிக்கொண்டார். "நேத்துதான் நாலு பொல்த்தி வறுத்துத் தின்னேன்."

"ஆறு சுத்தம்," என்றாள் இனாஸ். "கிழவர் சும்மா பூச்சாண்டி காட்டியிருக்காரு. இவ வேலை செய்யல, அவர் திட்டினாரு, இவ அடிச்சா. இழுத்துட்டுப் போங்க!"

விலங்கு மணிக்கட்டில் விழுந்தது. சில்லென்றிருந்தது.

மெஷின் இன்னும் நிற்கவில்லை. கடைசிக் குழாய் பாக்கி.

திரையில் ஓர் எண் குதித்தது.

ஈயம்... தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு!

நஷ்வா விலங்கோடு திரும்பினாள்.

"நிறுத்துங்க பாஷா!"

அறையே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம் அவளிடம் இருந்ததா?

"அது எந்த மீனு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மீனே இல்லை. மண்ணும் இல்லை. நேத்து நான் வெச்ச வெறும் அமிலம். காலிக் குழாய்!"

"காலியை எதுக்கு வைக்கிறே?"

"மத்த குழாய்க்கெல்லாம் மூடி உண்டு. இது மட்டும் ராத்திரி பகலாத் திறந்தே இருக்கும். ரூம்ல எது பறந்தாலும் இதுல விழணும். வாட்ச்மேன் மாதிரி."

"ஆத்து மண்ணு தெறிச்சிருக்கும்," என்றாள் இனாஸ்.

"அந்த மண்ணுல ஈயம் தனியா இருக்காது மேடம். காட்மியம், குரோமியம், துத்தநாகம்னு கும்பலா வரும். இது ஒத்தையா வந்திருக்கு."

"அதனால?" இன்ஸ்பெக்டர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் போனப்புறம் யாரோ இந்தத் தட்டு மேல குனிஞ்சிருக்காங்க. மூடியிருந்ததையெல்லாம் கொட்டிட்டு சுத்தமான அமிலம் ஊத்தியிருக்காங்க. காலிக் குழாயை மட்டும் தொடல. ஒண்ணுமில்லாததை மாத்தி என்ன ஆகப்போகுது? ஆனா குனிஞ்சப்போ கண்ணுலேர்ந்து ஒரு துகள் உதிர்ந்திருக்கு."

"கண்ணுலேர்ந்தா?"

"அம்மா ஹஜ்ஜுலேர்ந்து கொண்டு வந்த அசல் கல் சுர்மா மைன்னு எல்லார்கிட்டயும் காட்டினீங்களே மேடம்... அது ஈயக் கல்லை அரைச்சது!"

"ஊரே மை வைக்குது பாஷா! இவளும் வெச்சிருப்பா!"

"எனக்கு வைக்கத் தெரியாதுன்னு இப்போதானே சொன்னீங்க? ஒரு வருஷமா உள்ள வரலைன்னும் சொன்னீங்க. கதவைப் பாருங்க பாஷா."

கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார்.

"உள்ளே வருபவர்கள் கண் மை இடக் கூடாது. மீறினால் வேலை நீக்கம். இப்படிக்கு... இனாஸ்!"

"மாடியில மேடம் ரூம்ல எல்லா ரூமுக்கும் சாவி இருக்கு, பதட்டத்துல சொல்ல விட்டுட்டேன்," என்றாள் நஷ்வா.

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். கான்ஸ்டபிள் இனாஸின் கைப்பையைக் கவிழ்த்தான். வெள்ளி மைக்கூடு உருண்டது. பின்னாலேயே ஒரு சாவிக் கொத்து. மூன்றாவது சாவி அந்தப் பூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

இனாஸின் முகம் உடைந்தது.

"எவ்வளவு கெஞ்சினேன் அந்தக் கிழவன்கிட்ட! என் தம்பி ஆலைய்யா அது! மூடியே தீருவேன்னு நின்னான்..."

"அவரைக் கொன்னும் பிரயோஜனமில்லை மேடம்," என்றாள் நஷ்வா. "நீங்க கொட்டினது குழாயை மட்டும்தான். ஆத்துக்கு அடியில மண்ணு அப்படியே கிடக்கு. வேர்ல இருக்கு, மீன்ல இருக்கு. நாளைக்கே போய் மறுபடி அள்ளிட்டு வருவேன்."

இன்ஸ்பெக்டரின் கை மெல்ல வயிற்றுக்குப் போனது.

"அப்போ... என் நாலு பொல்த்தி?"



நஷ்வாவின் விலங்கு கழன்றது. அதே விலங்கு இனாஸின் கையில் ஏறியது. அவள் கன்னத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் வழிந்துகொண்டிருந்தன.

"ஜீப் ரெடி மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "கண்ணுக்கு வெச்சது போதும்... ஸ்டேஷனுக்கு வாங்க, பத்து விரலுக்கும் மை வெச்சு விடறோம்!"