சுவரோரத்து இடம்

தஞ்சோங் லாமாவில் ஃபெர்ரி கரை சேர்ந்தபோது மணி பதினொன்றரை. ஜோகூருக்குப் போகும் அடுத்த ஃபெர்ரி மாலை ஐந்தேகாலுக்கு. நடுவில் கிடைக்கும் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்காகத்தான் சுடர்விழி ஆறு மாதமாகத் திட்டம் போட்டிருந்தாள்.

வெளியில் சொல்லிக்கொள்ள அவளிடம் நல்ல காரணம் இருந்தது. குத்தாலத்தில் அவள் தாவரவியல் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. சிங்கப்பூரில் அக்கா கனிமொழி வீட்டில் பத்து நாள், பிறகு ஜோகூரில் கூடப் படித்த சிநேகிதி வீட்டில் இரண்டு நாள். சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவில் பாலம் இருக்கிறது, பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அதை விட்டுவிட்டு, தன்னந்தனியாக ஒரு இந்தோனேசியத் தீவுக்குக் கடல் தாண்டி வந்து, அங்கிருந்து இன்னொரு முறை கடல் தாண்டுகிறேன் என்று கிளம்பியவளை அக்கா ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். "ஊர் பாக்கணும்க்கா" என்று சமாளித்தாள் சுடர்விழி. ஊரையா பார்க்க வந்தாள்? ஒருத்தியைப் பார்க்க வந்தாள்.

இறங்கிய இடம் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம் மாதிரியே இருந்தது. அதே கருவாட்டு வாடை, அதே ஐஸ் பெட்டிகள், வலை பிரித்துக்கொண்டிருக்கும் அதே சோம்பல் முகங்கள். செல்போனில் இருந்த ஒரு பழைய படத்தைக் காட்டி வழி கேட்டாள். ஒரு லாட்ஜின் மஞ்சள் பெயர்ப் பலகை, அதன் கீழே சிரித்துக்கொண்டு நிற்கும் அவள் கணவன் இளம்பரிதி. மூன்றாவதாகக் கேட்ட ஆள் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையை மட்டும் நீட்டிவிட்டு நகர்ந்தான்.

இளம்பரிதி சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் அவன் கப்பல் பழுதாகி இந்த ஊரில் நாலு மாதம் நின்றது. கம்பெனி ஆட்களைப் படத்தில் இருந்த அந்த லாட்ஜில்தான் தங்க வைத்திருந்தது. அது முடிந்து ஊருக்கு வந்தவன் கப்பல் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருந்த நிலத்தில் விவசாயம் பார்க்க ஆரம்பித்தான். சுடர்விழிக்கு அப்போது வந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுப்பான். நடுவில் படுக்க மாட்டான். ஓரத்துக்கு ஒதுங்கி, சுவர்ப் பக்கம் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, அந்த வெற்றிடத்தின் மேல் கையைப் போட்டுக்கொள்வான். கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் வாய் முணுமுணுக்கும்.

"தூங்கு... தூங்கு..."

யாரையோ தட்டித் தூங்க வைக்கிற குரல். பதினோரு வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் வீம்புக்கு அந்த வெற்றிடத்தில் போய்ப் படுத்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னான், "அங்க இடம் இல்ல."

எழுந்ததும் கேட்டால், "நானா? என்ன சொன்னேன்?" என்பான். பொய் சொல்லும் முகமாகவும் தெரியாது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வதில்லை, நிஜமாகவே தொப்புளுக்கு மேலே ஒரு கனல் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டிய புருஷனுக்குப் பக்கத்தில் படுக்க ஒரு இடம்.

லாட்ஜ் இரண்டு மாடிப் பழைய கட்டடம். உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் முக்காடிட்ட ஒரு அம்மாள், அறுபது வயதிருக்கும், சுடர்விழியின் நெற்றிப் பொட்டைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"நம்ம ஊருப் புள்ளயா? வாம்மா, வா. நான் நாகூரு. சைத்தூன் பீவி. இங்க வாக்கப்பட்டு நாப்பது வருசம் ஆச்சு."

தேத்தண்ணீர் வந்தது. பாதி குடிக்கும்வரைகூட சுடர்விழிக்குப் பொறுமை இல்லை. படத்தை மேசையில் வைத்தாள்.

"இவர் என் வீட்டுக்காரர். இங்க நாலு மாசம் இருந்தார். இவர் ரூமுக்கு யாரு வந்து போயிட்டு இருந்தா? மறைக்காம சொல்லுங்கம்மா."

சைத்தூன் பீவி படத்தைக் கையில் எடுக்கவில்லை. "இளம்பரிதி தம்பி. நல்ல புள்ள. யாரும் வந்து நான் பாக்கலம்மா."

"அப்ப அந்த ரூமைக் காட்டுங்க."

"அது இப்ப யாருக்கும் குடுக்கிறது இல்ல."

"நான் தங்கப் போறதில்லையே. பாத்துட்டுப் போயிடறேன்."

அம்மாள் வாசலைப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயில்தான் அவளுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். சாவியை எடுத்தாள்.

"மேல கடைசி ரூம். கதவத் திறந்து வச்சே பாரு. உக்காராத. சட்டுனு வந்துரு."

மாடியில் நடையோரம் வரிசையாகக் கதவுகள். கடைசிக் கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க வாடை இல்லை. அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு ஒருத்தி நகர்ந்துபோன இடத்தில் நிற்கும் ஈர வாடை.

ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூடிய ஜன்னல். வேறொன்றும் இல்லை. கட்டில் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. விரிப்பில் தூசி படிந்திருந்தது, சுவர்ப் பக்கத்தைத் தவிர. அங்கே மட்டும் துணி சுத்தமாக, ஆள் புழங்கியது போலக் கசங்கியிருந்தது.

சுடர்விழிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அம்மாள் ஏதோ மறைக்கிறாள், இந்த அறைக்கு இன்னமும் எவளோ வந்து படுத்துவிட்டுப் போகிறாள் என்றுதான் நினைத்தாள். நம் டீச்சருக்கு அவ்வளவுதான் கணக்குப் போடத் தெரிந்தது.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து கேட்டது.

"துங்கு."

திரும்பினாள். யாருமில்லை.

"துங்கு..."

பெண் குரல். கெஞ்சுவது போல, மிக மெதுவாக. எந்த வார்த்தை இரண்டு வருடமாக அவள் மத்தியானங்களைத் தின்றுகொண்டிருந்ததோ அதே வார்த்தை. அவன் இந்தக் குரல்காரிக்குச் சொன்னது இருக்கட்டும், இவள்தான் அவனுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

"யாருடி நீ?" சுடர்விழியின் குரல் உடைந்தது. "என் புருஷனைத் தூங்க வச்ச மாதிரி என்னையும் தூங்க வைக்கலாம்னு பாக்கறியா? வெளிய வாடி!"

மின்விசிறி இல்லாத அறையில் ஜன்னல் திரை மட்டும் அசைந்து நின்றது.

வேறு யாராக இருந்தாலும் படியிறங்கி ஓடியிருப்பார்கள். பொறாமை பிடித்தவளுக்குக் கால் அந்தப் பக்கம் போகாது. செருப்பைக் கழற்றிப் போட்டாள். கட்டிலில் ஏறினாள். அந்தச் சுத்தமான இடத்தில், அவளுடைய இடத்தில், சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

"இது என் இடம். தூங்கறேன், பாரு."

துணி சில்லென்று இருந்தது.

கதவு மூடிக்கொண்டது. காற்றாக இருக்கும்.

முதுகுக்குப் பின்னால் மெத்தை அழுந்தியது.

ஒரு முழங்கால் முதலில். பிறகு இடுப்பு. பிறகு தோள்.

சுடர்விழியால் திரும்ப முடியவில்லை. கத்த நினைத்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஈரக் கூந்தலின் நுனி அவள் பின்கழுத்தில் பட்டது. ஒரு கை மெல்ல அவள் இடுப்பைத் தாண்டி வந்து விழுந்தது. குளிர்ந்த, கனமான கை.

மறு கை அவள் காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கியது.

அந்த நேரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை என்று அவள் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் அது உண்மையில்லை. அப்படி ஒருவர் தன் முடியை ஒதுக்கிவிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துத்தான் அழுதாள்.

"துங்கு" என்றது காதருகே.

சொன்னபடி கேட்டாள். தூங்கிப்போனாள்.

கதவு தட்டும் சத்தத்தில் விழித்தபோது மணி நாலரை. சைத்தூன் பீவி வாசலிலேயே நின்றாள், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கசங்கிய புடவையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"படுத்தியா?"

சுடர்விழி தலையாட்டினாள்.

"யா அல்லா. கீழ ஆளுங்க வந்துட்டாங்க, பேச்சுல நேரம் போனதே தெரியல. பகல்ல ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேனே." அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அவ உன்னைத் தூங்கச் சொல்லலம்மா. 'துங்கு'ன்னா இந்த ஊர் பாஷையில 'காத்திரு'ன்னு அர்த்தம். எனக்காகக் காத்திருப்பியான்னு கேக்கறா. இந்த ஊர்க்காரங்களுக்குப் புரியும், ஓடிருவாங்க. நம்ம ஊரு ஆளுங்கதான் தூங்குன்னு காதுல வாங்கிக்கிட்டுப் படுத்துடறாங்க. படுத்தா சரின்னு சொன்ன மாதிரி. உன் வீட்டுக்காரருக்கு முன்னால காரைக்கால் பையன் ஒருத்தன் படுத்தான்."

"யாரும்மா அவ?"

"நான் இந்த வீட்டுக்கு வந்தப்பவே இருந்தா. யாருக்காகவோ காத்திருந்து அலுத்துப் போயிருப்பா போல. இப்ப அவளுக்காக யாராவது காத்திருக்கணும்."

சுடர்விழி முந்தானையை இழுத்துச் சொருகினாள். அதற்கப்புறம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அந்தக் காரைக்கால் பையன் என்ன ஆனான்?"

"உன் வீட்டுக்காரரு படுத்தன்னிக்கே அவன விட்டுட்டா. ஒரு நேரத்துல ஒருத்தருதான் அவளுக்கு."

அவ்வளவு போதும். இளம்பரிதியை விட்டுவிட்டாள்! படியிறங்கும்போது சுடர்விழியின் முகத்தில் இருந்தது வெற்றிதான். தனக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்கவே இல்லை.

ஃபெர்ரியில் நல்ல கூட்டம். அவளுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் உட்காரக் குனிந்தாள், பிறகு "மன்னிக்கணும்" என்று சைகை காட்டிவிட்டு நின்றுகொண்டே வந்தாள்.

மயிலாடுதுறை ஸ்டேஷனுக்கு இளம்பரிதி பைக்கில் வந்திருந்தான். இளைத்திருந்தான். தாடி. வயலில் குறுவைக்கு நாற்றங்கால் உழவேண்டிய நேரம், இன்னும் ஏர் இறங்கவில்லை.

மத்தியானம் கட்டிலின் நடுவில் படுத்தான். முழுக் கட்டிலும் அவனுக்கே இருந்தது. புரண்டான், எழுந்தான், மறுபடி படுத்தான். தூக்கம் வரவில்லை. மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டுக் கேட்டான்.

"சுடரு, சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவுல எங்க போன?"

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். உங்களை மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்ற பெருமையோடுதான் சொன்னாள்.

அவன் முகம் சுருங்கியது. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், அவன் சின்னப் பிள்ளைபோல விசும்பினான்.

"யாரைக் கேட்டுக்கிட்டுப் போன? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் இருந்தீங்களா?"

"தெரியாம இருக்குமா?"

"அப்ப நான் யாருங்க?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். இரண்டு வருடமாகத் தொப்புளுக்கு மேலே இருந்த கனல் அந்தக் கணமே அணைந்துபோனதை அவள் உணர்ந்தாள். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது என்னவென்று அவளுக்கு அன்று புரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவே அடங்கிக் கிடந்தது. சுடர்விழி கட்டிலின் நடுவில் ஒருக்களித்து, சுவர்ப் பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது, தூக்கம் இல்லை. அவன் வரும் சத்தம் கேட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அவள் முதுகை ஒட்டி மெதுவாகப் படுத்தான். எத்தனையோ மத்தியானம் அவள் ஏங்கிய நெருக்கம்.

அவன் கை அவள் தோளுக்கு மேலே வந்தது. தோளில் தங்கவில்லை. அவளைத் தாண்டிப் போயிற்று.

அவள் கண்ணைத் திறந்தாள்.

அவன் கை சுவருக்கும் அவளுக்கும் நடுவில் இறங்கி, மெத்தைக்கு ஒரு முழ உயரத்திலேயே நின்றது. விரல்கள் எதன் மேலோ படிந்து வளைந்திருந்தன. அங்கே ஒன்றும் தெரியவில்லை. அந்த விரல்கள் மெல்லத் தடவிக்கொடுத்தன.

"ஒரே ஒரு தடவ, சுடரு" என்றான் அவன், பிச்சை கேட்பவன் குரலில்.

அவளுக்குள் ஏதோ சுரீரென்று ஏறியது. யோசிக்கவே இல்லை. அவன் கையை ஓங்கித் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க அவள!"

அவன் கை தொங்கிப்போயிற்று.

சுவர்ப் பக்கத்தில் மெத்தை மெதுவாக அழுந்தியது. யாரோ இந்தப் பக்கமாகப் புரண்டு, அவளோடு இன்னும் ஒட்டிப் படுத்துக்கொண்டார்கள்.