பாதி வீட்டுக் கரெண்ட்

அன்று பகலில் பூந்தமல்லி முழுக்கக் கரெண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. ஜூஸ் கடை மிக்ஸி நின்றுபோய்க் கடைக்காரர் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அப்படியிருக்க, சபீனாவின் மின்சார ஆட்டோவில் மட்டும் சார்ஜ் ஏறுகிற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வேறு யாராவதாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சபீனா அந்த விளக்கைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

வண்டி நின்ற இடம், மெட்ரோ பாலத்துக்காக முன்பாதியை இடித்துத் தள்ளிய வீடு. மீதிப் பாதிக்கு வாரிசுகள் கோர்ட்டில் அடித்துக்கொண்டிருக்க, மாடிப்படி ஏறிப்போய் ஆகாயத்தில் முடிய, குளியலறையின் நீல டைல்ஸ் ரோட்டைப் பார்த்துப் பல்லிளிக்க, வெளவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் நாறக் கேட்பாரற்று நின்றது. பின்சுவரில் ஒரு பிளக் மட்டும் வேலை செய்வதைக் கண்டுபிடித்தவர் எத்திராஜ். அவரும் சபீனாவும் லோகேஷும் முறைவைத்து அதில்தான் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். பிறகு ஒருநாள் லோகேஷைக் காணோம். அவன் ஆட்டோ மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஊருக்குப் போயிருப்பான் என்றார் எத்திராஜ். செருப்பை இங்கேயே விட்டுவிட்டா போவான் என்று சபீனா கேட்கவில்லை.

“இன்னா தங்கச்சி, மூஞ்சி ஒரு மாரி கீது?” என்றார் எத்திராஜ்.

“ஊரே கரெண்ட் இல்லாம கெடக்குது. இங்க மட்டும் எப்டிண்ணே?”

“எவனாச்சும் இன்வெர்ட்டர் போட்டுகினு இருப்பான். வர்ற வரைக்கும் ஏத்திகினு போவியா, கேள்வி கேட்டுகினு. நம்ம வண்டிக்குக் கரெண்ட் கொறை இல்லம்மா. சத்தம்தான் கொறை. பூன மாரி போவுது, ஒரு பய வழி உட மாட்றான்.”

சபீனா மணியைப் பார்த்தாள். மூன்றரை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கரையான்சாவடிப் பிள்ளைகள் ஆறு பேர் வாசலில் இவளுக்காக நிற்கும். இவள் வரவில்லையென்றால், லாரிகள் பறக்கிற டிரங்க் ரோட்டை அதுகளே கடக்கக் கிளம்பிவிடும். விளக்கு எரிந்ததே தவிர, சார்ஜ் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. கொடுத்துக்கொண்டிருந்தது எதுவோ, அது தீர்ந்துபோகிற மாதிரி.

வெளியே போய்ப் பார்த்தாள். கம்பத்திலிருந்து வரும் ஒயரை என்றைக்கோ வெட்டிச் சுருட்டிக் கம்பத்திலேயே கட்டியிருந்தார்கள். மீட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு.

திரும்பி வந்து சுவரில் கை வைத்தாள். சூடு. காய்ச்சல்காரன் நெற்றிச் சூடு. தலைமுடி கருகுகிற வாடை. காதை வைத்தாள். உள்ளே யாரோ பல்லை நறநறவென்று கடித்தார்கள்.

“எலிம்மா,” என்றார் எத்திராஜ். “ஓசில கரெண்ட் குட்க்கிற புண்ணியவான் யாருன்னு நானே பாக்கறேன், இரு.” ஜாக்கி ராடை எடுத்துப் பிளக்குக்குப் பக்கத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

பூச்சு உதிர்ந்தது. செங்கல் சரிந்தது. காக்கித் துணி தெரிந்தது.

லோகேஷ்.

நின்ற வாக்கில் இருந்தான். வாழைநார் மாதிரி வற்றியிருந்தான். செம்புக் கம்பி இரண்டையும் பல்லால் கவ்வியிருந்தான். கண் மட்டும் உருண்டு எத்திராஜைப் பார்த்தது. ஷிப்ட் மாற்ற ஆள் வந்துவிட்டதைப் பார்க்கிற பார்வை.

பிறகு வாயைத் திறந்து கம்பியை விட்டான். சருகாய் உதிர்ந்தான்.

சுவர் எத்திராஜின் கையைப் பிடித்தது. முழங்கை வரை. தோள் வரை. கரும்பு மெஷினில் கேட்கிற சத்தம்.

“தங்கச்சி! இஸ்துக்கோம்மா! உடாத!”

இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். சட்டை கையோடு வந்தது. கூடவே கொஞ்சம் முதுகும். தலை உள்ளே போனது. கால் உதைத்தது. இடுப்பு ஒடிந்தது. இரண்டாக மடிந்து உள்ளே போனார். பூச்சு ஈரமாக வழிந்து மூடிக்கொண்டது.

வண்டியில் சார்ஜ் நாற்பது. எழுபது. நூறு.

பச்சை விளக்கு.

பிளக்கைப் பிடுங்கினாள். வண்டியில் ஏறினாள். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். அலறல். தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தாள். பள்ளிக்கூடம் வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள்.

பிள்ளைகள் ஓடிவந்து ஏறிக்கொண்டன. அவை ஏறி முடித்த பிறகுதான், தன் வாய் மூடியிருப்பதை உணர்ந்தாள்.

“அக்கா,” என்றாள் குட்டி நிவேதிதா, குனிந்து. “சீட்டுக்கு அடில யாரோ ‘தங்கச்சி, தங்கச்சி’ன்னு அழுறாங்க.”

சீட்டுக்கு அடியில் பேட்டரிதான் இருந்தது.

பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். நிற்க முடியாது. சபீனா முறுக்கினாள். ஆறு பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டன. கையைத் தளர்த்தினால் அழுகை. முறுக்கினால் அலறல்.

பஸ் ஒதுங்கியது. லாரி ஒதுங்கியது. பூந்தமல்லி ரோடே இரண்டு பக்கமும் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டது.